பத்துக்குள் ஓர் ஆண்டு

"எங்க பாப்பா நூறு வரைக்கும் சொல்லுவா டீச்சர்" என்றார் ஒரு தாய். பாப்பாவுக்கு நாலு வயது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மடமடவென்று ஆரம்பித்தாள். இருபத்தொன்பதில் கொஞ்சம் திணறி, அம்மா முகத்தைப் பார்த்து, முப்பதைப் பிடித்து, நூறைத் தொட்டுவிட்டாள். பாராட்டிவிட்டு, ஒரு கிண்ணம் புளியங்கொட்டையை அவள் முன்னால் வைத்தேன். "எனக்கு அஞ்சு கொட்டை எடுத்துக் குடு கண்ணு" என்றேன். கை கொண்ட மட்டும் அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினாள். பதினேழோ பதினெட்டோ இருந்தன.

அந்தக் குழந்தையிடம் ஒரு குறையும் இல்லை. நூறு வரை அவளுக்குத் தெரிந்தது ஒரு பாட்டு. அஞ்சு என்றால் எவ்வளவு என்று யாரும் அவள் கையில் வைத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். காட்டுவது எப்படி என்பதே இந்த அத்தியாயம். 3 முதல் 5 வயதுக் குழந்தையின் பெற்றோர், தாத்தா பாட்டி, அங்கன்வாடிப் பணியாளர், எல்.கே.ஜி. ஆசிரியர் என யாராக இருந்தாலும் படித்துவிட்டு நாளைக் காலையே தொடங்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் ஓர் ஆண்டு பத்தைத் தாண்டாதீர்கள். பத்துக்குள் எண்ணவும், கேட்டதை எடுத்துக் கொடுக்கவும், பிரிக்கவும், சேர்க்கவும் தெரிந்த குழந்தைக்கு மற்றதெல்லாம் விரைவாக வந்துவிடும். பத்தே புரியாமல் நூறு ஒப்பிக்கும் குழந்தை, ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் கூட்டல் கழித்தல் வரும்போது அழ ஆரம்பிக்கும்.

எண்ணும்போது நடப்பது என்ன?

இந்த ஒரு பத்திதான் கோட்பாடு. ரோஷெல் கெல்மன், கேலிஸ்டல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட நூலில், எண்ணுதல் என்ற செயலுக்குள் அடங்கிய விதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் மூன்று நமக்குப் போதும். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். விடவும் கூடாது, இரண்டு தடவை தொடவும் கூடாது. சொற்கள் எப்போதும் ஒரே வரிசையில் வர வேண்டும். கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம். முதல் இரண்டும் பழக்கத்தில் வரும். மூன்றாவதுதான் புரிய வேண்டியது. பெரும்பாலான வீடுகளிலும் வகுப்புகளிலும் விட்டுப்போவதும் அதுதான்.

தொடங்கும் முன் ஐந்து நிமிடம்

குழந்தை எங்கே நிற்கிறது என்று தெரியாமல் பாடம் தொடங்காதீர்கள். விளையாட்டு போலவே இந்த நான்கையும் செய்து பாருங்கள்.

1. "எண்ணு பாப்போம்" என்று சொல்லி, எதுவரை வரிசை தவறாமல் வருகிறது என்று கேளுங்கள்.
2. ஐந்து எலுமிச்சையை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். விரலையும் வாயையும் சேர்த்துக் கவனியுங்கள். இரண்டும் ஒன்றாகப் போகின்றனவா, வாய் முந்துகிறதா?
3. எண்ணி முடித்ததும், "எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். "அஞ்சு" என்று பதில் வந்தால் நல்லது. மறுபடி "ஒண்ணு, ரெண்டு..." என்று ஆரம்பித்தால், மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை.
4. கிண்ணத்தைக் கொடுத்து, "ஒண்ணு குடு" என்று கேளுங்கள். பிறகு ரெண்டு, மூணு, நாலு. எந்த எண்ணில் எண்ணாமல் அள்ளித் தருகிறதோ, அதற்கு முந்திய எண்தான் குழந்தையின் உண்மையான நிலை.

நான்காவது சோதனையின் முடிவைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். பாடம் அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சோதனையின்போது "தப்பு" என்று சொல்லவே வேண்டாம். வாங்கிக்கொண்டு "சரிடா செல்லம்" என்றால் போதும்.

இதே 'எடுத்துக் கொடு' முறையைக் கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990-இல் வெளியான தன் ஆய்வில் பயன்படுத்தினார். அதிலிருந்தும் பின்வந்த ஆய்வுகளிலிருந்தும் தெரிந்த ஒன்று நமக்குப் பெரிய ஆறுதல். 'ஒண்ணு' மட்டும் புரிந்த குழந்தை 'ரெண்டு'க்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். அதிலிருந்து 'மூணு'க்கு இன்னும் சில மாதங்கள். மூணு, நாலு பிடிபட்ட பிறகு, எண்ணினால் எந்த அளவையும் எடுத்துவிடலாம் என்ற சூட்சுமம் ஒரு நாள் சட்டென்று விளங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் குழந்தை மூன்று மாதமாக 'ரெண்டு'லேயே நின்றால் பதறாதீர்கள். அந்த நாட்கள் வீணாவதில்லை.

என்னென்ன வேண்டும், எதைத் தொடவே கூடாது

கடையில் ஒன்றும் வாங்க வேண்டாம். எலுமிச்சை, கரண்டி, டம்ளர், கொட்டாங்குச்சி, இட்லித் தட்டு, ஈர்க்குச்சி, சாக்பீஸ், பழைய காலண்டர் அட்டை போதும். மூன்று வயது தாண்டிய குழந்தைக்கு, பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், புளியங்கொட்டையும் சோழியும் சேர்க்கலாம்.

எண்ணும் பொருள் சிறியது. குழந்தையின் கை அடுத்து வாய்க்குத்தான் போகும். ஆகவே இந்தப் பகுதியை வேகமாகப் புரட்டிவிடாதீர்கள்.

குன்றிமணி வேண்டவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், பல வீடுகளில் பல்லாங்குழிக்கு இன்றும் எடுக்கிறார்கள். அதன் பருப்பில் உள்ள நஞ்சு கொடியது; ஓடு உடைந்தோ மென்றோ உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். மஞ்சாடிக்கும் குன்றிமணிக்கும் வித்தியாசம் தெரியாதவர் இரண்டையுமே தவிர்த்துவிடுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே சிறு பொருள் எதுவும் வேண்டாம். பொம்மைகளைச் சோதிக்கப் பயன்படுத்தும் உருளையின் வாய் அகலம் 31.7 மி.மீ.; அதற்குள் முழுதாக அடங்கும் பொருள் குழந்தையின் தொண்டையை அடைக்கலாம் என்பது கணக்கு. நம் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அகலம்தான். ஆக நாணயமும் கூடாது, பாட்டில் மூடியும் கூடாது. எலுமிச்சை, கரண்டி, டம்ளரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பொத்தான் போன்ற சிறு பேட்டரி, பொம்மைக் காந்தம் இரண்டும் வீட்டில் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கக் கூடாது. விழுங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை வேகவைத்துவிடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், காத்திருக்க வேண்டாம்.

கொட்டை மூக்கிலோ காதிலோ போய்விட்டால் ஹேர்பின், தீக்குச்சி விட்டு எடுக்க முயலாதீர்கள்; இன்னும் உள்ளே போகும். காதில் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றாதீர்கள். விதை ஊறிப் பருக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

தொண்டையில் அடைத்து, இருமவும் அழவும் முடியாமல் குழந்தை திணறினால், முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வெளியே வராவிட்டால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே கையை மடக்கி வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. இது ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்கான முறை. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒரு தடவை நேரில் செய்து பழகிவிடுவது நல்லது.

பாடம் முடிந்ததும் கொட்டைகளைக் குழந்தையோடு சேர்ந்து எண்ணி டப்பாவில் போடுங்கள். பத்து எடுத்தால் பத்தும் திரும்ப வர வேண்டும். இதைவிட நல்ல பாதுகாப்புப் பழக்கம் இல்லை. எண்ணுவதற்கு இதைவிட நல்ல காரணமும் இல்லை.

படி 1: ஆளுக்கு ஒண்ணு

எண்ணுக்கு முன்னால் வருவது பங்கீடு. சாப்பிட உட்காரும்போது, "ஆளுக்கு ஒரு தட்டு வை" என்று சொல்லுங்கள். எத்தனை என்று கேட்க வேண்டாம். அப்பாவுக்கு ஒண்ணு, பாட்டிக்கு ஒண்ணு, அக்காவுக்கு ஒண்ணு என்று வைக்கட்டும். தட்டு குறைந்தால் "யாருக்கு இல்ல?" என்றும், மீந்தால் "யாருக்கு இது?" என்றும் கேளுங்கள். இட்லித் தட்டில் குழிக்கு ஒரு எலுமிச்சை வைப்பதும் இதே பயிற்சிதான். பல்லாங்குழிப் பலகை இருந்தால் பதினான்கு குழியிலும் குழிக்கு ஒன்றாகப் போட்டு வரச் சொல்லுங்கள். ஆட்டத்தின் விதிகள் பின்னால் வரட்டும். ஒன்றுக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போகும் கை, பிறகு எண்ணும்போது பொருளைத் தாண்டாது.

இரண்டு வாரம் இதிலேயே போனாலும் பரவாயில்லை.

படி 2: சொல் வரிசை

வீட்டில் பேசும் தமிழிலேயே தொடங்குங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. 'ஒன்று, இரண்டு, மூன்று' என்ற எழுத்து வழக்கு பள்ளிக்கூடத்தில் பிறகு வரட்டும். முதலில் அஞ்சு வரை, அது உறுதியான பிறகு பத்து வரை. படியேறும்போது, கைதட்டும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது சொல்லுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

தமிழில் 'ஒண்ணு' தனியாக நிற்கும், 'ஒரு' பொருளோடு சேர்ந்து வரும். 'ஒரு பழம்' என்றாலும் 'பழம் ஒண்ணு' என்றாலும் அளவு ஒன்றுதான் என்று நமக்குத் தெரியும். மூன்று வயதுக்குத் தெரியாது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டுங்கள்.

விவசாய வீட்டுக் குழந்தை "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினால் திருத்தாதீர்கள். களத்தில் மரக்காலில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'லாபம்' என்று சொல்லும் வழக்கம் அது. தாத்தா அளப்பதைப் பார்த்து எண்ணக் கற்ற குழந்தைக்கு எண் எதற்குப் பயன்படும் என்பது நம் வகுப்பறைக் குழந்தையைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். "ஆமா, லாபம்னா ஒண்ணு" என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அஞ்சு வரை நன்றாக வந்ததும் பின்னோக்கிச் சொல்லப் பழக்குங்கள். அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, ராக்கெட்! கழித்தல் அங்கேதான் தொடங்குகிறது.

படி 3: தொட்டு நகர்த்தி எண்ணுதல்

1. தரையில் சாக்பீஸால் இரண்டு வட்டம் போடுங்கள். இடது வட்டத்தில் மூன்று பொருள்.
2. ஒன்றைத் தொட்டு, வலது வட்டத்துக்கு நகர்த்தி, வைக்கும் கணத்தில் "ஒண்ணு" என்று சொல்லிக் காட்டுங்கள்.
3. குழந்தையின் கையைப் பிடித்து ஒரு முறை சேர்ந்து செய்யுங்கள்.
4. பிறகு கையை எடுத்துவிடுங்கள். அது மெதுவாகத்தான் போகும். நீங்கள் அவசரப்படாதீர்கள்.
5. மூன்று தவறாமல் வந்த பிறகே நாலு, அஞ்சு.

நகர்த்துவது முக்கியம். எண்ணியதும் எண்ணாததும் வேறு வேறு இடத்தில் இருந்தால் இரண்டு தடவை தொடும் தவறு தானாகவே நின்றுவிடும். நகர்த்தி எண்ணப் பழகியதும் வரிசையில் தொட்டு மட்டும் எண்ணலாம். அதற்கும் பிறகுதான் சிதறிக் கிடப்பவை, படத்தில் இருப்பவை. படத்தில் எண்ணுவது எல்லாவற்றிலும் கடினம். படத்தை நகர்த்த முடியாது. ஆனால் பல பாடப் பயிற்சி நூல்கள் அதிலேயே தொடங்குகின்றன. முதல் ஆறு மாதம் அந்த நூல்களை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

படி 4: "மொத்தம் எத்தனை?"

இந்த ஆண்டின் மையம் இதுதான். இங்கே நிறைய நாள் தங்குங்கள்.

எண்ணி முடித்த குழந்தையிடம் "எத்தனை?" என்று கேட்டால், பல குழந்தைகள் மறுபடி ஒண்ணிலிருந்து எண்ணும். 'எத்தனை' என்றால் 'எண்ணு' என்று பொருள் என அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் "எத்தனை இருக்கு, எண்ணு!" என்று ஒரே மூச்சில் சொல்வது நாம் அல்லவா?

இன்னொரு சிக்கலும் உண்டு. கடைசிப் பழத்தைத் தொட்டு "நாலு" என்று சொல்லும்போது, அந்தப் பழத்தின் பெயர்தான் 'நாலு' என்று குழந்தை நினைக்கலாம். "நாலு குடு" என்றால் அந்த நாலாவது பழத்தை மட்டும் எடுத்துத் தரும். அதன் பக்கத்தில் தப்பே இல்லை.

இரண்டையும் தீர்க்க ஒரே வழி உண்டு:

1. முதலில் மொத்தத்தை நீங்களே சொல்லுங்கள்: "இங்க பாரு, மூணு எலுமிச்சை."
2. பிறகு எண்ணுங்கள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு."
3. கடைசிச் சொல்லோடு எல்லாவற்றையும் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போடுங்கள்: "மொத்தம் மூணு."
4. அப்படியே எல்லாவற்றையும் அள்ளிக் குழந்தையின் இரு கையிலும் கொடுங்கள்: "இந்தா, மூணு."

இந்த வட்டமும் அள்ளிக் கொடுப்பதும் சின்னச் செயல்கள்தாம். ஆனால் 'மூணு' என்பது அந்தக் கூட்டத்தின் பெயர் என்று குழந்தைக்குக் கையால் தெரிவது அப்போதுதான். சில வாரம் நீங்கள் செய்த பிறகு, குழந்தையே கையைச் சுற்றி "மொத்தம் மூணு" என்று சொல்ல ஆரம்பிக்கும். அன்று இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: பொருட்களைத் துணியால் மூடிவிட்டு, "உள்ள எத்தனை?" பார்க்காமலே "மூணு" என்று வந்தால் படி முடிந்தது.

ஒரு குறிப்பு. ஐந்து கொட்டையை நெருக்கி வைத்து எண்ணியபின், அதையே தள்ளித் தள்ளி வைத்தால், "இப்ப நெறைய ஆயிடுச்சு" என்று குழந்தை சொல்லும். உளவியலாளர் ழான் பியாஜே இதைப் பற்றி எழுதியதற்குப் பிறகு உலகம் முழுக்க ஆசிரியர்கள் பார்த்த காட்சி இது. ஐந்து, ஆறு வயது வரை இயல்பு. வாதாடாதீர்கள். "எண்ணிப் பாப்போமா?" என்று மட்டும் கேளுங்கள்.

படி 5: எடுத்துக் கொடு

இருப்பதை எண்ணுவதைவிடக் கேட்டதை எடுத்துக் கொடுப்பது கடினம். குவியலிலிருந்து எடுத்துக்கொண்டே போகும்போது, எங்கே நிறுத்துவது என்று குழந்தை நினைவில் வைத்திருக்க வேண்டும். வீட்டு வேலையே இதற்குப் பாடம். "மூணு வெங்காயம் கொண்டா." "ரெண்டு ஸ்பூன் எடுத்துட்டு வா." நாலு கேட்டு ஆறு வந்தால், "நாலு தானே கேட்டேன்?" என்று கடிந்துகொள்ள வேண்டாம். "வா, ரெண்டு பேரும் எண்ணலாம்" என்று அதன் கையாலேயே எண்ண விடுங்கள். மீந்ததை அதுவே திருப்பி வைக்கும்.

படி 6: பார்த்ததும் சொல்லுதல்

மூன்று வரைக்கும் மனிதக் கண்ணுக்கு எண்ணத் தேவையில்லை, பார்த்ததும் தெரியும். இதை வளர்க்கத் தாயக்கட்டையைப் போல் ஒன்று கிடையாது. நீளமான பித்தளைக் கட்டையின் நான்கு பக்கங்களில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒரு பக்கம் வெறுமை. ஒரே ஒரு கட்டையை உருட்டிக் கையால் மூடித் திறந்து, "என்ன விழுந்துச்சு?" என்று கேளுங்கள். வெறும் பக்கம் விழுந்தால், "ஒண்ணுமே இல்ல, பூஜ்யம்." பூஜ்யத்தை இதைவிட எளிதாகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை. (தாயத்தில் இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்ற கணக்கைப் பெரியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளட்டும்.)

மார்கழியில் வாசலில் கோலப்புள்ளி வைக்கும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 'மூணு புள்ளி, மூணு வரிசை' என்ற நேர்ப்புள்ளிக் கோலம் நாலு வயதுக்குப் போதும். ஒரு வரிசைக்கு அது புள்ளி வைக்கட்டும். அரிசி மாவையே கொடுங்கள். கல் மாவு கண்ணில் விழுந்தால் உறுத்தும்.

படி 7: கொட்டாங்குச்சி விளையாட்டு

ஐந்து கொட்டையைக் குழந்தையே எண்ணி வைக்கட்டும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, சிலவற்றை மட்டும் கொட்டாங்குச்சியால் மூடுங்கள். "வெளிய மூணு இருக்கு. உள்ள எத்தனை?" முதலில் ஊகம் வரும். திறந்து பார்க்கட்டும். சில நாளில் விரலை மடக்கிப் பார்த்துச் சொல்லும், பிறகு விரலும் தேவைப்படாது. ஐந்தும் உள்ளே, ஐந்தும் வெளியே என்ற இரண்டு ஆட்டங்களையும் மறக்காமல் சேருங்கள். ஐந்து முழுதாகப் பிடிபட்ட பிறகு ஆறு, ஏழு என்று ஏறுங்கள்.

விரலை மடக்கி எண்ணுவதைத் தடுக்காதீர்கள். குழந்தைக்கு இயற்கை கொடுத்த பத்து அது. பாட்டி கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுவைத் தொட்டு எண்ணுவதை ஆறு வயதுக்கு மேல் சொல்லிக் கொடுக்கலாம். இப்போது ஒரு விரலுக்கு ஒன்று.

படி 8: எண்ணுருவும் எழுத்தும்

எட்டாவது படியில்தான் 1, 2, 3 என்ற உருவங்கள் வருகின்றன. வேண்டுமென்றே இவ்வளவு தாமதமாக வைத்திருக்கிறேன்.

முதலில் அடையாளம் காண்பது. காலண்டர் தாளில் உள்ள எண்களை வெட்டி அட்டையில் ஒட்டி, 3 என்ற அட்டைக்கு மேல் மூன்று கொட்டை வைக்கச் சொல்லுங்கள். உருவம், ஓசை, அளவு மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும். அளவு இல்லாத அட்டையைக் காட்டி "இது என்ன?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அது படம் பார்த்துப் பெயர் சொல்வதாகிவிடும். பேருந்தின் முகப்பிலும் வீட்டுக் கதவிலும் இருக்கும் எண்கள் அளவைச் சொல்வதில்லை. குழந்தை கேட்டால், "அது பஸ்ஸோட பேரு" என்று சொல்லிவிடுங்கள்.

எழுதுவது அதற்குப் பிறகு. திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய முறை இன்றும் நல்ல முறைதான். தட்டில் ரவையையோ அரிசியையோ பரப்பி, விரலால் பெரிதாக எழுதட்டும். பிறகு தரையில் சாக்பீஸ். பென்சிலும் கோடு போட்ட நோட்டும் கடைசி. 2, 3, 5, 7 ஆகியவற்றைத் திருப்பி எழுதுவது ஆறு, ஏழு வயது வரை சாதாரணம். சிவப்பு மையால் சுழிக்காதீர்கள். எங்கே தொடங்க வேண்டும் என்று ஒரு புள்ளி மட்டும் வையுங்கள்.

படி 9: பத்துக் கட்டப் பாதை

பரமபதப் பலகையில் நூறு கட்டம் இருக்கும். அது இப்போது வேண்டாம். ஒரே நேர்க்கோட்டில் பத்துக் கட்டம் போட்டு, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒரு சிறு அட்டையில் ஒரு பக்கம் 1, மறு பக்கம் 2 என்று எழுதிச் சுண்டிவிட்டு, விழுந்ததற்கு ஏற்றபடி காயை நகர்த்த வேண்டும்.

அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பத்து மழலையர் இத்தகைய ஆட்டத்தை இரண்டு வாரத்தில் நான்கு முறை, 15 நிமிடம் வீதம் ஆடியதிலேயே எண்ணறிவில் தெளிவான முன்னேற்றம் கண்டார்கள். கட்டத்தில் எண்ணுக்குப் பதில் வெறும் நிறம் இருந்த பலகையில் ஆடிய குழந்தைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஒரு நுணுக்கம் உண்டு. காய் 4-இல் நிற்கிறது, 2 விழுந்தது. "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்த விடாதீர்கள். "அஞ்சு, ஆறு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். கூட்டலின் முதல் பாடம் அதுதான். குழந்தைக்கு முதலில் வராது. நீங்கள் உங்கள் முறையில் உரக்கச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருங்கள்.

பத்தைத் தாண்டும்போது

ஓராண்டு கழித்து, பத்துக்குள் எல்லாம் வந்த பிறகு, ஈர்க்குச்சி எடுங்கள். பத்துக் குச்சியை எண்ணி ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு. பக்கத்தில் ஒரு குச்சி வைத்தால் பதினொண்ணு. மூன்று வைத்தால் பதிமூணு. இரண்டு கட்டு என்றால் இருபது.

தமிழ் இங்கே நமக்குப் பெரிய துணை. 'பதிமூணு' என்ற சொல்லுக்குள் பத்தும் மூணும் கேட்கின்றன. 'இருபத்தி மூணு' என்று சொல்லும் வரிசையும் 23 என்று எழுதும் வரிசையும் ஒன்று. ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்ற சொற்களில் பத்து ஒளிந்துகொண்டிருக்கிறது. தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் குழந்தையின் காதில் ஒன்றாகவே விழுகின்றன. ஆங்கில வழிப் பள்ளியில் படித்தாலும் கட்டுக் கட்டும் பாடத்தை வீட்டில் தமிழிலேயே நடத்துங்கள். அளவு ஒரு மொழியில் புரிந்துவிட்டால், மறு மொழியில் சொல் மட்டும் மாறும்.

தமிழிலும் ஒரு மேடு உண்டு. எண்பத்தொம்பதுக்குப் பிறகு, "எண்பத்திப் பத்து" என்று குழந்தை சொன்னால் கட்டிக்கொள்ளுங்கள்; வரிசையின் இலக்கணத்தைத் தானே கண்டுபிடித்திருக்கிறது. 'தொண்ணூறு' என்ற சொல்லை யாரும் ஊகித்துச் சொல்ல முடியாது. கேட்டுத்தான் பழக வேண்டும்.

நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள்

நீளமான பாடம். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும். குழந்தை இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

ஒன்று முதல் நூறு வரை தினமும் எழுதும் வீட்டுப்பாடம். இதற்கு நான் முழு எதிரி. கை வலிக்கும் என்பதைத் தவிர எண்ணைப் பற்றி அதில் குழந்தை எதுவும் கற்பதில்லை. பள்ளி கொடுத்தால், ஆசிரியரிடம் பணிவாக, உறுதியாகப் பேசுங்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுதல். உறவினர் வந்தால் எண்ணச் சொல்லிக் காட்சி வைத்தல். இரண்டிலும் குழந்தை கற்பது எண்ணை அல்ல, பயத்தை.

பதிலை உடனே சொல்லிவிடுதல். கேள்வி கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அந்த அமைதியில்தான் குழந்தை யோசிக்கிறது.

எப்போது மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டும்?

ஐந்து வயது முடிந்தும், பல மாதம் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தும், மூன்று பொருளை எடுத்துத் தர முடியவில்லை என்றால், முதலில் காதையும் கண்ணையும் சோதியுங்கள். சரியாகக் கேட்காத குழந்தையை 'மந்தம்' என்று ஒதுக்கிவிட்ட கொடுமையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பேச்சு தாமதம், மற்ற விளையாட்டுகளிலும் பின்தங்கல் இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் கேளுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். தாமதமாகக் கற்கும் குழந்தைக்குப் படிகள் இவையேதான், நாட்கள்தான் கூடும்.

இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும் முன் உங்கள் குழந்தையைக் கூப்பிடுங்கள். வீட்டில் மூன்று பேர் என்றால், "மூணு தட்டு எடுத்துட்டு வா கண்ணு" என்று சொல்லுங்கள். எத்தனை கொண்டுவந்தாலும் வாங்கி வைத்து, கூடவே உட்கார்ந்து எண்ணுங்கள்.